ஆச்சியின் முகத்தில் பன்னிரண்டு கபால நரம்புகளைப் படிப்பது எப்படி

நர்சிங் முதல் வருஷத்தில், மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் இந்தப் பன்னிரண்டு நரம்புகளின் பெயரையும் ஒரு ஆங்கில வாய்ப்பாட்டை வைத்து உருப்போட்டேன். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஐந்துக்கு அப்புறம் எது என்று கேட்டதும் முழித்தேன். அந்த வாரமே ஊருக்கு வந்து, ஆச்சியைத் திண்ணையில் உட்கார வைத்து மூக்கிலிருந்து நாக்கு வரை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன், அதுக்குப் பிறகு மறக்கவே இல்லை. உங்களுக்கும் ஒரு டார்ச், கொஞ்சம் பஞ்சு, ஒரு மட்டிப்பழம், பொறுமையான ஒரு ஆள், இவ்வளவு போதும்.

முதலில் வரிசை. எண்கள் மூளையின் மேலிருந்து கீழே இறங்கும்: 1, 2 பெருமூளைப் பக்கம், 3, 4 நடுமூளை, 5 முதல் 8 வரை அதன் கீழே இருக்கும் பான்ஸ், 9 முதல் 12 வரை மூளையின் அடிப்பகுதியான முகுளம். இரண்டு, இரண்டு, நாலு, நாலு. (11 மட்டும் பெரும்பாலும் கழுத்துத் தண்டுவடத்திலிருந்து மேலே ஏறி வந்து இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.) இந்தப் பன்னிரண்டு கணக்கு 1778-ல் சோமரிங் என்ற ஜெர்மன் மருத்துவர் போட்டது. எல்லாமே ஜோடி, அதனால் எந்தச் சோதனையானாலும் இடது வலது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

1, ஆல்ஃபாக்டரி, வாசனை. கண்ணை மூடச் சொல்லி, ஒரு மூக்கை அடைத்து, உரித்த மட்டிப்பழத்தை மறு மூக்கின் அருகே காட்டுங்கள். தைலம், கற்பூரம் வேண்டாம். அந்த எரிச்சலை அறிவது 5-வது நரம்பு, வாசனையே தெரியாதவரும் மூக்கைச் சுளிப்பார், நீங்கள் ஏமாந்துபோவீர்கள். 2, ஆப்டிக், பார்வை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் தொங்கும் காலண்டரைப் படிக்கச் சொன்னால் சரி.

இப்போது டார்ச். வலது கண்ணில் வெளிச்சம் அடித்தால் இடது கண்பாவையும் சேர்ந்து சுருங்கும். வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோவது 2, சுருக்குவது 3, ஆக்குலோமோட்டார். இமையைத் தூக்குவதும், கண்ணை அநேகமாக எல்லாப் பக்கமும் திருப்புவதும் 3-தான். வெளிப்பக்கம் திருப்புவது மட்டும் 6, அப்டியூசென்ஸ். மூக்கின் பக்கம் திரும்பியிருக்கும் கண்ணைக் கீழே இறக்குவது 4, ட்ராக்ளியர். இந்த 4 பழுதானவருக்குப் படி இறங்கும்போதுதான் ஒன்று இரண்டாகத் தெரியும். பத்மநாபபுரம் அரண்மனையின் குறுகலான மரப்படியில் கீழே பார்த்தபடி இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

5, ட்ரைஜெமினல். நெற்றி, கன்னம், தாடை என்று மூன்று கிளை. பஞ்சால் மூன்று இடத்திலும் தொட்டுக் கேளுங்கள், அப்புறம் பல்லைக் கடிக்கச் சொல்லி கன்னத்துத் தசையைத் தொட்டுப் பாருங்கள். தாடை மூலையைத் தொட்டுவிட்டு 5 என்று எழுதாதீர்கள், அது கழுத்து நரம்பின் இடம். மீன்குழம்பின் காரம் நாக்கில் ஏறுவதும் 5 வழியாகத்தான். காரம் ஒரு சுவையே இல்லை, எரிச்சல்.

7, ஃபேசியல். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். முகபாவம் முழுக்க இதன் கையில், நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கின் சுவையும் கூட. 5-க்கும் 7-க்கும் குழப்பமா? கடைவாய்ப் பல் பிடுங்க ஊசி போட்ட அன்று எனக்கு உதடு மரத்து, குடித்த காப்பி தாடையில் வழிந்ததே தெரியவில்லை, ஆனால் கண்ணாடியில் பார்த்தால் சிரிப்பு நேராக இருந்தது. மரத்தது 5, சிரித்தது 7.

நம்ம ஊரில் ஒருவருக்கு வாய் கோணினால், ஆரல்வாய்மொழிக் காற்றில் பைக்கில் வந்ததால் என்பார்கள். முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று செயலிழக்கும் பெல்ஸ் பால்சியில் நடப்பது, காதுக்குப் பக்கத்து எலும்புக் குழாய்க்குள் 7-வது நரம்பு வீங்கி நெருக்கப்படுவது. அப்போது அந்தப் பக்கத்து நெற்றியும் சுருங்காது, கண்ணும் முழுசாக மூடாது. மூளையில் பக்கவாதம் என்றால் பெரும்பாலும் வாய் மட்டும் கோணும், நெற்றி சுருங்கும். நெற்றிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. படிப்புக்கு இது அருமையான வித்தியாசம், ஆனால் வீட்டில் இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். திடீரென்று வாய் கோணினால் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக 4.5 மணி நேரம்தான் கெடு.

8, வெஸ்டிபுலோகாக்ளியர், காதும் சமநிலையும். காதருகே விரலை உரசிப் பாருங்கள். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு ஆடும்போது ஆட்டத்தை மூளைக்குச் சொல்வது 8, வயிற்றைக் குமட்ட வைப்பதில் 10-க்கும் பங்கு உண்டு.

மிச்சத்துக்கு அந்தப் பழத்தையே தின்னக் கொடுங்கள். நாக்கின் பின்பக்கச் சுவை 9, குளோசோஃபாரின்ஜியல். விழுங்குவதில் 9, 10 இரண்டும் சேரும். 10 வேகஸ், லத்தீனில் அலைகிறவன் என்று பொருள், குரல்வளை, இதயம், குடல் என்று ஊர் சுற்றும். வாயைத் திறந்து 'ஆ' சொல்லச் சொல்லுங்கள், உள்நாக்கு நேராக மேலே போகணும், ஒரு பக்கம் பழுதென்றால் நல்ல பக்கம் சாயும். தொண்டையைக் குச்சியால் தொடும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள், ஆச்சி தின்ற பழம் உங்கள் சட்டையில்தான் விழும். 11 அக்செசரி: தோளைக் கையால் அழுத்திக்கொண்டு, தூக்கச் சொல்லுங்கள்.

கடைசியில் 12, ஹைப்போகுளோசல். நாக்கை நீட்டினால் பழுதான பக்கம் சாயும், உள்நாக்குக்கு நேர் எதிர். ஆச்சி நாக்கை நேராக நீட்டி, உள்ளே இழுத்துவிட்டு, "பாத்தாச்சா மக்ளே, இனி அடுத்த பழத்த எடு" என்றாள்.