சிங்கப்பூரில் ஆபரேட்டர் வேலைக்கு வருகிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: பேசிக் எவ்வளவு என்று கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கமிருந்து சிங்கப்பூர் ஃபேக்டரி வேலைக்கு வழி கேட்டு இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். முன்பு ஒர்க் பெர்மிட்டில் வரும் நம்மவர்களுக்குக் கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலைப் பணி என்றுதான் இருந்தது. நானும் கப்பல் பட்டறை வழியாக வந்தவன்தான். 2025 செப்டம்பர் 1 முதல் உற்பத்தித் துறையில் ஆபரேட்டர் வேலைக்கும் இந்தியர்களை எடுக்கலாம் என்று ஆகிவிட்டது. மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். இப்படி எடுக்கும் ஆட்கள் கம்பெனியின் மொத்த ஆட்களில் 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இந்த 8 சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 50 பேர் வேலை செய்யும் கம்பெனி 4 பேரைத்தான் இப்படி எடுக்க முடியும். சின்னக் கம்பெனி ஒன்றின் பெயரைச் சொல்லி "நாற்பது இடம் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

படிப்புக்குப் பயப்பட வேண்டாம். பிளஸ் டூ போதும் என்று எடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஐடிஐ இருந்தால் கூடுதல் நல்லது. ஷிஃப்ட் பார்க்க முடியுமா, பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியுமா, மெஷினில் ஒட்டியிருக்கும் இங்கிலீஷ் குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்வீர்களா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். பத்தாவது தேறியவர்களுக்கு பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை (இசிஆர்) முத்திரை இருக்காது. சிங்கப்பூர் அந்தச் சோதனைப் பட்டியலில் உள்ள நாடும் இல்லை. மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் கம்பெனி கூட்டிப்போய்ச் செய்யும், அதில் சிக்கல் இல்லை. விசிட் பாஸில் வா, வந்த பிறகு வேலை பாஸாக மாற்றித் தருகிறேன் என்பவனை மட்டும் நம்பவே நம்பாதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் சித்தப்பா மகன் புதுவயலில் அரிசி ஆலையில் மெஷின் பார்த்தவன். நல்ல கைவாகு உள்ள பிள்ளை. காரைக்குடியில் ஓர் ஏஜென்ட் "மாதம் 2,000 வெள்ளி, ஓவர்டைம் தனி" என்றார். பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்தான். சித்தியின் சங்கிலி அடகுக்குப் போனது. ஐபிஏ கடிதம், அதாவது ஒர்க் பெர்மிட்டுக்கு முதற்கட்ட ஒப்புதல் கடிதம், போனில் வந்தது. 2,000 என்ற எண்ணைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அதற்கு மேலே இருந்த இரண்டு வரிகளை ஒருவரும் படிக்கவில்லை. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 800. நிரந்தர அலவன்ஸ் 1,200.

இங்கே ஓவர்டைம் பணம் பேசிக்கை வைத்துத்தான் கணக்காகும், அலவன்ஸ் அதில் சேராது. பேசிக்கைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரம் 44 மணி நேரம் என்று 2,288-ஆல் வகுத்து, வருவதை ஒன்றரை மடங்காக்க வேண்டும். பேசிக் 2,000 என்றால் மணிக்கு 15 வெள்ளி 73 காசு. பேசிக் 800 என்றால் 6 வெள்ளி 29 காசு. மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் வித்தியாசம் 566 வெள்ளி. நம்ம பணத்தில் 35,000 ரூபாய்க்கு மேல்! ஓய்வு நாளில் கூப்பிட்டு வேலை வாங்கினாலும் கூலி அந்த பேசிக்கிலிருந்துதான்.

முதல் மாதச் சம்பளச் சீட்டைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "அண்ணே, இதுல தப்பு இருக்கா பாருங்க" என்று கேட்டான். தப்பு எதுவும் இல்லை. ஐபிஏயில் என்ன போட்டிருந்ததோ அதையே கொடுத்திருக்கிறார்கள். 2,000 என்ற நிபந்தனைக்கு பேசிக்கும் நிரந்தர அலவன்ஸும் சேர்த்துத்தான் கணக்கு என்பதால், அதுவும் சட்டப்படி சரி. எங்கே போய்ப் புகார் கொடுப்பது? ராத்திரி ஷிஃப்டில் தலை முதல் கால் வரை உடுப்பு மாட்டிக்கொண்டு நின்று வேலை பார்க்கிற பிள்ளையிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஏஜென்ட்டுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம்ம பகுதி ஆட்களுக்கு இப்படி நடக்கலாமா? கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போன செட்டியார் வீட்டு ஆட்கள் மூன்று வருடக் கணக்குக்குச் சம்பள ஒப்பந்தச் சீட்டு எழுதிக்கொண்டுதான் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். அவர்கள் 1859-இல் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இங்கே டேங்க் ரோட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் போய் வாருங்கள். நம்ம குன்றக்குடி முருகன் கோயில் ஞாபகம் வந்து கண் கலங்கும், ஆனாலும் மனசுக்குத் தெம்பாக இருக்கும்.

அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஐபிஏ கடிதத்தைக் கையில் வாங்குங்கள். அது வராமல் பெரிய தொகை எதையும் கொடுக்காதீர்கள். கம்பெனி பெயர், வேலையின் பெயர், பேசிக், அலவன்ஸ், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பு என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் இணையதளத்தில் அது உண்மையானதா என்று பார்த்துவிடலாம். பேசிக் குறைவாக இருந்தால் அப்போதே பேசுங்கள், ஏனென்றால் விமானம் ஏறிய பிறகு பேச உங்களிடம் பிடி எதுவும் இருக்காது. ஏஜென்ட் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஏஜென்ட் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. இந்தியாவில் பதிவு பெற்றவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்று இந்திய அரசின் ஈமைக்ரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். சிங்கப்பூர் ஏஜென்சி ஒரு வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்க முடியும். அரசுக்குக் கட்டும் லெவியை முதலாளி உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

வந்த பிறகு மாதாமாதம் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. ஓவர்டைம் பார்த்த மணி நேரத்தை அன்றன்றைக்கே போனில் குறித்து வையுங்கள். ஐபிஏயில் உள்ளதைவிடக் குறைத்துக் கொடுத்தால் நாள் கடத்தாதீர்கள். வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் 6 மாதத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும்.