பரணில் இருந்த ஸ்பீக்கரைப் பழுதுபார்க்கப் போய்ப் பாழாக்கிய கதை

மாமா வீட்டுப் பரணிலிருந்து ஒரு ஜோடி ஸ்பீக்கரை இறக்கிக்கொண்டு வந்தேன். எண்பதுகளில் வாங்கியவை. துணி மூடியைக் கழற்றியதும், அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் பழைய ரஸ்க்போல உதிர்ந்து மடியில் கொட்டியது. ஃபோம்தானே, ஒட்டினால் ஆச்சு என்று சூப்பர் க்ளூவும், பழைய யோகா மேட்டில் வெட்டிய பட்டையுமாக உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஸ்பீக்கரும் முடிந்தது.

அந்த ஃபோம் கெட்டதற்கு யாரும் காரணமில்லை. பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தில் தானாகவே சிதையும். சென்னையின் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். ‘பாட்டே போடாமல் பத்திரமாக வைத்திருந்தோமே’ என்பதால் பயனில்லை. ஆனால் அது சிதைவதால் காயிலுக்கோ காந்தத்துக்கோ எதுவும் ஆவதில்லை. அவற்றுக்குக் கேடு வருவது நம் கையால்தான்.

கோனின் நடுவே, பின்பக்கம், செப்புக் கம்பி சுற்றிய காயில் ஒன்று காந்தத்தின் இடுக்கில் மிதக்கிறது. சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடம்கூட இருக்காது. அந்தக் காயிலை நடுவில் பிடித்துவைக்கும் இரண்டில் ஒன்று இந்த வளையம். நான் ஒட்டிய பட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சூப்பர் க்ளூ நொடியில் இறுகிவிட்டதால் நகர்த்தவும் முடியவில்லை. காயில் காந்தத்தில் உரசி, சுற்று தேய்ந்து அறுந்தது.

முறையாகச் செய்பவர்கள் மெதுவாகக் காயும் ரப்பர் பசையைத்தான் எடுப்பார்கள். வளையம் வாங்கும்போது ஸ்பீக்கரின் வெளி அளவை மட்டும் சொன்னால் போதாது. ‘எட்டு இஞ்ச்’ என்று வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது. கோனின் விட்டம், ஃபிரேமின் உள் விட்டம், வளைவின் அகலம் மூன்றையும் அளந்து கொண்டுபோக வேண்டும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பொறுமையாகச் சுரண்ட வேண்டும். அப்புறம் கோனின் நடுவிலுள்ள சின்ன மூடியை வெட்டி எடுத்து, காயிலுக்கும் உள் இரும்புக்கும் நடுவே பிலிம் துண்டுகளைச் சுற்றிச் செருகிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மூடியை வெட்ட மனம் வராதவர்கள் ஆம்ப்ளிஃபயரில் 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிக மெல்ல வைத்து, பசை காய்வதற்குள் உரசல் கேட்கும் பக்கத்தை விரலால் தள்ளிச் சரிசெய்வார்கள். இரண்டில் எதுவானாலும் பசை ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். கோனை இரு பக்கமும் சமமாக, இரண்டு விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் பாட்டுப் போடாதீர்கள்.

திரும்ப மாட்டும்போது இன்னொரு தவறு நடக்கும். ஒரு பெட்டியில் மட்டும் ஒயர்கள் மாறிவிடும். ஒன்று முன்னால் வரும்போது மற்றது பின்னால் போகும். மிருதங்கத்தின் தொப்பிச் சத்தமே காணாமல் போகும். பெட்டிக்குள் ஏதோ கெட்டுவிட்டது என்று மறுபடி திறப்பார்கள். ஒன்றரை வோல்ட் பேட்டரியை இரண்டு ஸ்பீக்கரின் ஒயர்களிலும் ஒரே மாதிரி, நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். ஜோடியில் இரண்டு கோனும் ஒரே பக்கம் நகர்ந்தால் போதும்.

ஆம்ப்ளிஃபயர் விஷயத்தில் நம் ஊரின் பெரிய பாவம், பியூஸ் போன இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றுவது. பியூஸ் பெரும்பாலும் சும்மா போகாது. உள்ளே ஏதோ ஷார்ட் இருக்கும். கம்பி சுற்றினால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர். அந்தக் காலத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்று தேடினால் கிடைப்பது அரிது. இதற்குத்தான் பழைய மெக்கானிக்குகள் பலகையில் சீரிஸ் பல்பு மாட்டி வைத்திருப்பார்கள். மின்சாரம் பல்பு வழியாகத்தான் செட்டுக்குப் போகும். பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணைக்கலாம். எல்.இ.டி பல்பு இதற்கு உதவாது. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு வேண்டும். எங்காவது கிடைத்தால் இரண்டாக வாங்கி வையுங்கள்.

வால்வு ரேடியோவில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சரில் நிற்கும். ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும் பழைய செட்களில் உள்ளிருக்கும் உலோகச் சட்டமான சேஸிஸே நேரடியாக மெயினில் இணைந்திருக்கும். தொட்டால் ஷாக்தான். வால்வு செட்டில் கற்றுக்கொள்ள ஆரம்பிக்காதீர்கள் என்பது என் கருத்து.

கண்டன்சர் விஷயத்தில் எல்லாருக்கும் ஒரு வெறி உண்டு. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பை நிறைய வாங்கிவந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அத்தனையையும் மாற்றிவிட்டு, ஆன் செய்தால் புகை. எது தப்பு என்று எப்படித் தெரியும்? ஒன்றிரண்டு மாற்றி, சீரிஸ் பல்பில் பார்த்து, அடுத்ததற்குப் போக வேண்டும். வோல்ட் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. கண்டன்சரின் உடம்பிலுள்ள கோடு மைனஸ். சர்க்யூட் பலகையில் அச்சிட்டிருப்பது பல செட்களில் பிளஸ். இங்கேதான் தலைகீழாகும். ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் பிளஸ் மைனஸ் இல்லாத வகைதான் போட வேண்டும். எல்லாம் முடிந்ததும் நல்ல ஸ்பீக்கரை உடனே மாட்டாமல், அவுட்புட்டில் டி.சி. எவ்வளவு என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருக்கலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் காயில் கருகும்.

வால்யூம் கரகரத்தால் துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை அடிப்பது, டேப் மோட்டாருக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது, இரண்டும் வேண்டாம். முன்னது படலமாக நின்று தூசியைச் சேர்க்கும், பின்னது நாளாவட்டத்தில் பிசினாகும். எலெக்ட்ரானிக்ஸுக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர் வாங்குங்கள். தாராக உருகிய டேப் பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் பேண்ட் மாட்டினால், தம்பூரா சுருதி அலைவதிலேயே தெரிந்துவிடும்.

பர்மா பஜார் காலத்துச் சரக்கு, அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு எதுவானாலும் பின்பக்க வோல்டேஜ் செலக்டரை முதலில் பாருங்கள். 120-ல் இருந்தபடி நம் 230-ல் செருகினால் கதை முடிந்தது. இன்னொன்று, அமெரிக்க டர்ன்டேபிள் பலவற்றில் மோட்டாரின் வேகம் 60 ஹெர்ட்ஸை நம்பியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும். நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓ சுற்று ஏறக்குறைய 28 ஆகி, பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இருக்கும். பெல்ட்டை மாற்றியும், எண்ணெய் விட்டும் இது சரியாகாது.

என் ஸ்பீக்கரைக் கடைசியில் ரீகோன் செய்பவரிடம், அதாவது கோனையும் காயிலையும் புதிதாக மாற்றித் தருபவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை யார் சார் ஒட்டினது?” என்றார். மாமா வீட்டுப் பரணில் இருந்தது என்று மட்டும் சொன்னேன்.