ஒரே கணினியில் இரண்டு ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்) போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. 'எது வேண்டும்' என்று கேட்கும் திரையை எங்கள் பக்கம் பலர் முதலில் பார்த்தது அதில்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்த பிறகு, அதன் பக்கத்தில் உபுண்டு என்ற லினக்ஸும் போடலாமா என்று நாகர்கோவிலில் என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். தாராளமாகப் போடலாம். பேக்கப் எடுக்கச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

ஷட் டவுன் ஆகிவிட்டது என்று நம்புவது

போன மாதம் தக்கலையிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்போடு வந்தான். "அண்ணே, லினக்ஸ்ல டி டிரைவ் திறக்குது, ஆனா ஒண்ணும் சேவ் ஆகல. நெட்ல ஒரு கமாண்ட் கிடச்சுது, போட்டுறவா?" கையைப் பிடித்து நிறுத்தினேன். அதே கமாண்டைப் போட்டு நான் இழந்தது இன்னும் ஆறவில்லை.

விண்டோஸ் 8-லிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்கள் மூடும். ஆனால் விண்டோஸின் உட்கரு மூடாது, அப்படியே டிஸ்கில் எழுதிவைக்கப்படும். எந்த ஃபைல் எங்கே என்ற கணக்கும் அதோடு உறங்கும். கடைக்காரர் இருப்புக் கணக்கை எழுதி முடிக்காமல் நோட்டோடு வீட்டுக்குப் போன மாதிரி. இடையில் வேறொருவர் உள்ளே புகுந்து சரக்கை மாற்றி அடுக்கினால், மறுநாள் அவர் பழைய நோட்டை வைத்தே கணக்கை முடிப்பார். லினக்ஸுக்கு இது தெரியும், அதனால்தான் டிரைவைப் படிக்க மட்டும் விடுகிறது. அந்தப் பூட்டை உடைக்கத்தான் அந்தக் கமாண்ட்.

நான் உடைத்தேன். தங்கச்சி கல்யாண ஃபோட்டோக்களை லினக்ஸிலிருந்து டி டிரைவுக்கு மாற்றிவிட்டு, கேமரா கார்டையும் காலி செய்தேன். மறுநாள் விண்டோஸ் திறக்கும்போதே டிஸ்க் சோதனை ஓடியது. ஃபோல்டரின் பெயர் மட்டும் மிஞ்சியது. மீட்டெடுத்ததில் ஒரு படத்தில் மாப்பிள்ளையின் நெற்றி வரை இருந்தது, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். அம்மாவிடம் அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

லினக்ஸ் போடுவதற்கு முன்பே இதை அணைத்துவிடுங்கள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டனுக்கான பக்கத்தைத் திறங்கள். மங்கலாக இருக்கும் தேர்வுகளைத் திருத்த அங்கேயே மேலே ஒரு இணைப்பு உண்டு, அதை அழுத்திய பிறகுதான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுக்க முடியும். பெரிய அப்டேட் வந்தால் மறுபடி ஒருமுறை எட்டிப் பாருங்கள். அவசரத்துக்கு ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள், அதில் விண்டோஸ் முழுதாக மூடும். தம்பியின் கணினியில் அதைத்தான் செய்தேன், டி டிரைவில் உடனே எழுத முடிந்தது.

பிட்லாக்கர்

டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி இது. அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாமல் பயாஸை (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புகளை) தொடாதீர்கள்.

கரண்டை நம்புவது

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. லினக்ஸுக்கு இடம் ஒதுக்க, பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதியை) நகர்த்த மணிக்கணக்கில் ஆகலாம், நடுவில் கரண்ட் போனால் டேட்டாவும் போகலாம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில், இடி முழங்கும் ஐப்பசிச் சாயங்காலம் இந்த வேலை வேண்டாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவின் கடைசிப் பகுதியைச் சுருக்கினால் பெரும்பாலும் எதையும் நகர்த்த வேண்டியிருக்காது.

லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டும் அழிப்பது

லினக்ஸ் வேண்டாம் என்று அழிப்பதானால், முதலில் பயாஸில் பூட் வரிசையில் (எந்த ஓஎஸ் முதலில் தொடங்கும் என்ற வரிசையில்) விண்டோஸை மேலே கொண்டுவாருங்கள். இல்லையென்றால் லினக்ஸின் தொடக்க நிரலான கிரப் தன் ஃபைல்களைக் காணாமல், கிரப் ரெஸ்க்யூ என்ற கறுப்புத் திரையில் போய் நிற்பீர்கள்.

விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால்

மதர்போர்டு பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, மாற்றக் காசு கொடுக்காதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது இந்திய நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் அதில் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் உள்ள யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி லினக்ஸில் ஒருமுறை அமைத்தால் சரியாகிவிடும்.