கணினிப் பாலைவனத்தில் கோல்ஃப் திடல்: மழையூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் பிற்பகல் மழையையும் செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களையும் பார்த்து வளர்ந்த ஒருவர், கணினி விளையாட்டுக்காகப் பாலைவன கோல்ஃப் திடல் ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தால், அவருடைய கை தானாகவே ஈர நிலத்தைத்தான் வரைகிறது. என் அக்காள் மகன் சென்ற பள்ளி விடுமுறையில் உருவாக்கிய திடலில் சகுவாரோ கள்ளிகள் முக்கோண நடவில், ஒன்றுக்கொன்று 9 மீட்டர் இடைவெளியில், செம்பனைகளைப் போலவே அணிவகுத்து நின்றன. சகுவாரோவை யாரும் நிரை பிடித்து நடுவதில்லை. அதன் கன்று பெரும்பாலும் வேறொரு மரத்தின் நிழலில் ஒண்டி வளர்கிறது. அது இயற்கையாக வளர்வதும் அமெரிக்க-மெக்சிகோ எல்லையை ஒட்டிய சொனோரா பாலைவனத்தில் மட்டுமே என்பதால், துபாயைப் போன்ற மணற்குன்றுகளுக்கு நடுவே அதை வைப்பதும் பிழையே.

இவை கண்ணுக்குத் தெரியும் தவறுகள். இவற்றைவிடப் பெரிய தவறு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் டீ (முதல் அடி அடிக்கும் இடம்) முதல் கிரீன் (குழியைச் சுற்றியுள்ள குறும்புல் தரை) வரை புல்லை விரித்துவிடுவது. அரிசோனாவில் 1980இல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தபின், ஃபீனிக்ஸ் வட்டாரத்துப் புதிய 18 குழித் திடல்களில் நீர் பாய்ச்சும் புல்தரை ஏறக்குறைய 90 ஏக்கருக்குள் அடக்கப்பட்டது. அதனால்தான் அங்கே டீயில் நின்று அடிப்பவர் கல்லும் முள்ளுமான தரையைத் தாண்டி, தீவுபோல் கிடக்கும் ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள புல்வெளியில்) பந்தை இறக்க வேண்டியிருக்கிறது. விளையாட்டின் சுவையே அந்தப் பற்றாக்குறையிலிருந்துதான் பிறக்கிறது. ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில் புல்லே கிடையாது. ஆட்டக்காரர்கள் சிறு செயற்கைப் புல்துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். புனைவுத் திடலுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மணல் முழுவதற்கும் ஒரே தன்மையைக் கொடுப்பது அடுத்த தவறு. பங்கர் எனப்படும், தடையாக அமைக்கப்பட்ட மணற்பள்ளத்தின் மணலில் பந்து புதையும்; வெயிலில் இறுகிய பாலைத் தரையில் அதே பந்து துள்ளி எகிறும். விதியும் வேறுபடுகிறது: பங்கரில் பந்துக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள மணலை மட்டையால் தொடக் கூடாது, பங்கராகக் குறிக்கப்படாத மணற்பரப்பில் தொடலாம். நிரலில் இரண்டையும் ஒன்றாக்கினால், ஆட்டக்காரர் காரணம் புரியாமலே தண்டனைப் புள்ளி பெறுவார்.

அளவிலும் கவனம் வேண்டும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர் என்றிருக்க, நிலத்தின் உயரத்தை மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் மட்டும் பதிந்தால் கிரீனின் மெல்லிய நெளிவுகள் தொலைந்துவிடும். கிரீனைச் சுற்றியாவது புள்ளிகளை நெருக்க வேண்டும். வெயிலை உச்சியில் நிறுத்துவதும் நெளிவுகளை மறைத்துவிடும் என்பதால், காலைச் சாய்வெயிலே பொருத்தமானது.

ஒலி பற்றியும் ஒரு சொல். பையன் பின்னணிக்கு வைத்திருந்தது எங்கள் வீட்டுப் பின்புற பாரிட்டில் (வடிகாலில்) மழை விட்டதும் பதிவு செய்த தவளைச் சத்தம். அதை நீக்கச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சொனோராவில் கோடை மழை பெய்ததும் சில தவளை இனங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பிக் கத்துவது உண்மை. ஆகவே மழைக் காட்சி வரும் பதினான்காம் குழிக்கு மட்டும் அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.