ப்ராக் நகரில் இரண்டே நாளா? மேலிருந்து கீழே நடங்கள்

செக் தலைநகர் ப்ராக்குக்கு இரண்டு நாள் போதுமா என்றால், பழைய நகரத்துக்குத் தாராளமாகப் போதும். எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம்.

கோட்டை குன்றின் மேல் இருக்கிறது. 22ஆம் எண் டிராமில் மேலே போய் இறங்கிவிடுங்கள். காகித டிக்கெட் வாங்கினால், டிராமில் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் நேர முத்திரை குத்த மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் பரிசோதகர் அபராதம் போட்டுவிடுவார். கோட்டைக்குள் செயின்ட் வைட்டஸ் தேவாலயம். 1344இல் தொடங்கிய வேலை 1929இல்தான் முடிந்தது! ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும். சுற்றிப் பார்க்க மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். அதனால் வேறு நாளில் போவது நல்லது.

அங்கிருந்து, கோட்டைக்குக் கீழே உள்ள மாலா ஸ்ட்ரானா பகுதியின் தெருக்கள் வழியாக இறங்கி வந்தால் சார்லஸ் பாலம். 1357இல் அடிக்கல் நாட்டியது. பகலில் கூட்டம் நெரியும், அப்போது சும்மா கடந்துவிடுங்கள். மறுநாள் விடிகாலையில் திரும்ப வாருங்கள். வல்தாவா ஆற்றின் மேல் வெளிச்சம் பரவும்போது, 30 சிலைகளையும் ஒவ்வொன்றாக நின்று பார்க்கலாம். எனக்கு அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இன்னொரு முறை போகலாம் என்று தோன்றும்.

அப்புறம், பாலத்தைக் கடந்து பழைய நகரச் சதுக்கத்துக்குப் போனால் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம். பகலில் ஒவ்வொரு மணிக்கும் இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வந்து போகும். ஐந்து நிமிடம் முன்னால் போய் நின்றால் போதும்.