மருந்தியல் முதுநிலை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.ஃபார்ம் மருந்தியல் மாணவர்கள் செய்யும் தவறுகளில் என்னை மிகவும் வருத்துவது, ஆய்வுத் தலைப்பைப் பழைய ஆய்வேடுகளிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வதுதான். மூலிகையின் பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டு எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்கி, மூலிகைச் சாற்றைக் கொடுத்து, சர்க்கரை நோய் மாத்திரையான கிளிபென்கிளமைடுடன் ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள்.

மூலிகையை ஆராய்வதில் குறையே இல்லை. ஏன் இந்த மூலிகை, அது எந்த வழியில் சர்க்கரையைக் குறைக்கக்கூடும் என்று கேட்காமல் இறங்குவதுதான் குறை. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கணையத்தின் பீட்டா செல்களை அழிக்கிறது. கிளிபென்கிளமைடு அதே பீட்டா செல்களைத் தூண்டித்தான் இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. செல்களில் பெரும்பகுதி அழிந்துபோன எலியில் அந்த ஒப்பீடு எதைக் காட்டும்? எத்தனை செல்கள் எஞ்சியிருக்கின்றன என்று பார்த்தீர்களா? வைவா எனும் வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால் பலர் திணறிப்போகிறார்கள். தலைப்பு முடிவாகும் நாளிலேயே நெறியாளரிடம் பேசித் தெளிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

மருந்தளவிலும் இதே கவனக்குறைவுதான். எலிக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் பலன் தந்தால், 60 கிலோ மனிதருக்கு 30 கிராம் என்று பெருக்கி எழுதுகிறார்கள். உடற்பரப்பின் அடிப்படையில் மாற்றும்போது எலிக்கான அளவை 6.2-ஆல் வகுக்க வேண்டும். சுண்டெலி என்றால் 12.3-ஆல். அப்படிக் கணக்கிட்டால் கிலோவுக்குச் சுமார் 81 மில்லிகிராம், மொத்தம் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். அந்த ஐந்து கிராமையே ஒருவரால் தினமும் விழுங்க முடியுமா என்பதையும் அப்போதே யோசியுங்கள்.

‘குழுவுக்கு ஆறு எலி’ என்பதும் பழக்கத்தால் வந்த எண்ணிக்கை. எத்தனை தேவை என்று கணக்கிட்டு, காரணத்தோடு விலங்கு நெறிமுறைக் குழுவிடம் சொல்லுங்கள். தேவைக்கு மேல் ஒரு எலியை வதைப்பது பாவம். எண்ணிக்கை போதாமல் ஆய்வு வீணானால் அத்தனை எலிகளும் வீணாகச் செத்ததாகிவிடும். குழு தினமும் கூடுவதில்லை, அதனால் முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். எந்த எலி எந்தக் குழுவில் சேரும் என்பதைக் குலுக்கலில் விடுங்கள். கூண்டில் கைக்கு முதலில் அகப்படுவது பெரும்பாலும் மந்தமான எலி.

பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரையை வெளியிடும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள்.

சேருவதற்கு முன்பே நிகழும் தவறு ஒன்றும் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் படிக்கும் மூன்றாண்டு எம்.டி. மருந்தியலும் இரண்டாண்டு எம்.ஃபார்மும் ஒரே வேலைக்கு இட்டுச் செல்பவை அல்ல. மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக வேண்டும் என்பது உங்கள் கனவானால், தேசிய மருத்துவ ஆணையத்தின் நடப்பு விதிகளைப் படித்த பிறகு கட்டணத்தைச் செலுத்துங்கள்.

வேலைவாய்ப்பு என்றாலே ஆய்வகத்தை மட்டும் நினைப்பவர்கள் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பைத் தவறவிடுகிறார்கள். இந்தியாவில் இதற்கான தேசியத் திட்டம் 2010-இல் தொடங்கியது. பல மருத்துவக் கல்லூரிகளில் மருந்தியல் துறையே பக்கவிளைவுக் கண்காணிப்பு மையத்தை நடத்துகிறது. அங்கே ஒரு மாதமாவது உட்காருங்கள். ஐந்து மருந்துகள் சாப்பிடும் நோயாளிக்கு உடம்பெல்லாம் தடிப்பு, காரணம் எது? பக்கவிளைவுக்கு ஒரு மருந்து காரணமா என்று மதிப்பிட உதவும் நாரன்ஜோ அளவுகோலின் பத்துக் கேள்விகளை அவர் படுக்கையருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டு, படிவத்தை நீங்களே நிரப்பிப் பாருங்கள்.