ஆப்பிரிக்கப் பெண் வேளாண் தொழில்முனைவோருக்கு வெளிநாட்டு ஃபெலோஷிப்: விண்ணப்பிக்க உதவுவது எப்படி?

கென்யா, உகாண்டா, கானா, தான்சானியா என்று ஆப்பிரிக்க நாடுகளில் வேலை பார்க்கும் தமிழர்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கூட வேலை செய்யும் பெண்ணோ, சரக்கு தரும் மகளிர் குழுவின் தலைவியோ, கைப்பேசியில் ஒரு அறிவிப்பைக் காட்டி "இதுக்கு நான் போடலாமா?" என்று கேட்பார். பெரும்பாலும் கடைசித் தேதிக்கு ஒரு வாரம்கூட இருக்காது. படித்தவர், ஆங்கிலம் தெரிந்தவர் என்று நம்மை நம்பிக் கேட்கிறார். இதற்கு முன்னால் இப்படி ஒரு விண்ணப்பத்தைத் தொட்டே பார்க்காதவர்களுக்காக இந்தப் பதிவு.

படி 1: அவருக்கு வேண்டியது ஃபெலோஷிப்தானா?

முதலில் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். தொழில்முறை ஃபெலோஷிப்பில் விமான டிக்கெட், தங்குமிடம், பயிற்சி, கைச்செலவுக்குப் படி ஆகியவை கிடைக்கும். இயந்திரம் வாங்கவோ குடோன் கட்டவோ அதில் பணம் வராது. பட்டமும் கிடையாது. அவருக்கு உண்மையில் தேவை ஒரு அரைவை இயந்திரம் என்றால், தேட வேண்டியது கடனோ மானியமோதான். ஆறு வாரம் தொழிலை விட்டுவிட்டுப் போய் வந்தும் இயந்திரம் இல்லாமல் நின்றால் யாருக்கு என்ன லாபம்?

படி 2: ஆளுக்கு ஏற்ற திட்டம்

பெயர் பெரிதாக இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் போட வேண்டாம். அவர் என்ன வேலை செய்கிறார், எத்தனை நாள் வெளியே இருக்க முடியும் என்ற இரண்டையும் வைத்தே தேடுங்கள்.

சொந்தத் தொழில், வயது 25 முதல் 35 என்றால் மண்டேலா வாஷிங்டன் ஃபெலோஷிப்பைப் பார்க்கலாம். 2014இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் தேர்வானவர்கள் ஆறு வாரம் ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சி பெறுவார்கள். வேளாண்மைத் துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ பல ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு அமெரிக்காவின் ஹம்ஃப்ரி ஃபெலோஷிப் உண்டு. 1978இலிருந்து நடக்கும் அது கிட்டத்தட்ட பத்து மாதம். குழந்தைகள் சின்னதாக இருந்தால் இந்தப் பத்து மாதத்தைப் பற்றி வீட்டில் முதலிலேயே பேசிவிடச் சொல்லுங்கள். காமன்வெல்த் நாட்டவர் என்றால் பிரிட்டனின் காமன்வெல்த் புரொஃபெஷனல் ஃபெலோஷிப்பும் இருக்கிறது. அதில் பிரிட்டனில் உள்ள ஏதாவது ஒரு நிறுவனம் அவரை ஏற்று நடத்த வேண்டும்.

ஆராய்ச்சியாளர் என்றால் வழி வேறு. 2004இல் தொடங்கிய போர்லாக் ஃபெலோஷிப்பில் அமெரிக்க விஞ்ஞானி ஒருவரின் வழிகாட்டுதலில் சில வாரம் ஆய்வு செய்யலாம். பிறகு அந்த விஞ்ஞானியே ஃபெலோவின் நாட்டுக்கு வந்து பார்ப்பார். நைரோபியில் 2008இல் தொடங்கிய 'அவார்ட்' அமைப்பு ஆப்பிரிக்கப் பெண் வேளாண் விஞ்ஞானிகளுக்காகவே உருவானது. அதில் ஃபெலோவுக்கு மூத்த வழிகாட்டி ஒருவர் கிடைப்பார். ஃபெலோவும் தனக்கு இளைய ஒரு பெண்ணுக்கு வழிகாட்ட வேண்டும்.

என் கருத்தில், சிறு அளவில் காய்கறி, பழம், கிழங்கு என்று தொழில் செய்பவர்களுக்கும் அவர்களுக்கு வழிகாட்டுபவர்களுக்கும் இவற்றைவிடக் குறுகிய காலப் பயிற்சிகள் அதிகம் உதவும். இவற்றைத்தான் பலர் கவனிப்பதே இல்லை.

ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா நடத்தும் 'ஷெப்' பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு காய்கறி, பழ விவசாயிகளுக்கான முறை இது. இந்த முறை பிறந்ததே கென்யாவில்தான், 2006இல், அந்நாட்டு வேளாண் அமைச்சகமும் ஜைக்காவும் சேர்ந்து நடத்திய திட்டத்தில். விளைவித்துவிட்டு யாரிடம் விற்பது என்று அலையாமல், விவசாயிகளே முதலில் சந்தைக்குப் போய் எந்த மாதம் எதற்கு என்ன விலை, வியாபாரி எந்த அளவுக் காயைக் கேட்கிறார் என்று விசாரித்து வருவார்கள். அப்புறம்தான் என்ன பயிரிடுவது என்று முடிவு. இன்னொரு விஷயம், ஊரில் விவசாயிகளுக்கு நடக்கும் பயிற்சிக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும், இருவரும் பண்ணையின் பங்காளிகள் என்ற கணக்கில். வேலையெல்லாம் பெண் செய்ய, பணம் மட்டும் கணவர் கைக்குப் போகிற வீடுகளில் இதன் அருமை தெரியும். இதைக் கற்றுத்தரும் ஜப்பான் பயிற்சிக்குத் தனியாக விண்ணப்பிக்க முடியாது, அவரவர் நாட்டு அரசுத் துறை வழியாகத்தான் போக வேண்டும். அதனால் இது பெரும்பாலும் விரிவாக்கப் பணியாளர்களுக்கான, அதாவது விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் களப் பணியாளர்களுக்கான வழி.

நம் ஊர் பக்கமும் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டினருக்குப் பயிற்சி தரும் இந்திய அரசின் ஐடெக் திட்டம் 1964இலிருந்து நடக்கிறது. ஹைதராபாத்தின் மேனேஜ் போன்ற நிறுவனங்கள் வேளாண் பயிற்சிகள் தருகின்றன. நேரில் நடக்கும் பயிற்சிகளுக்கு விமானச் செலவையும் தங்குமிடத்தையும் இந்தியா ஏற்கும். இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, வேலை பார்க்கும் நிறுவனத்தின் பரிந்துரையோடு அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு அனுப்ப வேண்டும். தூதரகத்தில் யாரைப் பார்ப்பது என்று நாமே விசாரித்துச் சொல்லலாமே.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 அன்று மூடப்பட்டு, மிச்சமிருந்த வேலைகள் அமெரிக்க வெளியுறவுத் துறைக்குப் போய்விட்டன. அமெரிக்கப் பணத்தில் நடக்கும் எந்தத் திட்டமானாலும், இந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பழைய அறிவிப்புகள் வாட்ஸப்பில் சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

படி 3: காகிதங்கள்

கட்டுரைக்கு முன்னால் இதுதான். பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டுப் பெயர், சான்றிதழில் கணவர் பெயர் என்று இருந்தால் இப்போதே திருமணச் சான்றிதழைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். தொழில் கணவர் பெயரில் பதிவாகியிருப்பதும், பதிவே ஆகாமல் இருப்பதும் சகஜம். பதிவு செய்ய நேரம் இல்லையென்றால், மகளிர் குழு அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் கடிதத்தில் அவர் பொறுப்பு என்ன, எந்த ஆண்டிலிருந்து என்று எழுதி வாங்கலாம்.

"என்கிட்ட கணக்கு எதுவும் இல்லை" என்பார்கள். பெரும்பாலும் இருக்கும், அதைக் கணக்கு என்று அவர்கள் நினைப்பதில்லை, அவ்வளவுதான். கென்யாவில் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவையின் அறிக்கையை எடுத்தாலே ஒரு வருட வரவு செலவு வந்துவிடும். பொருளுக்கு கென்யாவின் கெப்ஸ் தர முத்திரையோ நைஜீரியாவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான நாஃப்டாக்கின் பதிவோ இருந்தால் அதையும் சேருங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு எம்.பி.யிடமும் போதகரிடமும் ஓடுவார்கள். தடுத்துவிடுங்கள். அவரிடம் தொடர்ந்து சரக்கு வாங்கும் மொத்த வியாபாரி எழுதும் நாலு வரி அதைவிட மேல்.

படி 4: திரும்பி வந்து என்ன செய்வார்? இதை முதலில் எழுதுங்கள்

விண்ணப்பத்தில் இந்தக் கேள்வி கடைசியில் இருக்கும். எழுதும்போது இதுதான் முதலில். பணம் கொடுக்கும் நாடு இதற்காகத்தான் கொடுக்கிறது. இதற்குப் பதில் தெளிவாகிவிட்டால் மற்றக் கட்டுரைகள் தானாக வரும்.

அந்தப் பதிலை அவரிடமிருந்து எப்படி வாங்குவது? கேள்வியை அவர் மொழியில் கேட்டு, பதிலை வாட்ஸப் வாய்ஸ் நோட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத உட்கார்ந்தால் வராத விவரங்கள் பேசும்போது கொட்டும். கானாவில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து 'காரி' என்ற வறுத்த ரவை செய்யும் ஒரு பெண் என்று கற்பனை செய்துகொள்வோம். அவர் எழுதிக் கொண்டுவரும் பதில் இப்படி இருக்கும்:

"சிறு வயதிலிருந்தே எனக்கு விவசாயத்தில் ஆர்வம். பெண்களை முன்னேற்றுவதே என் லட்சியம். இந்த வாய்ப்புக் கிடைத்தால் என் கனவு நனவாகும்."

அவரே பேசினால்:

"நாங்க பதினாலு பேர். கிழங்கு தோண்டி ரெண்டு நாளைக்குள்ள துருவிடணும், இல்லைன்னா கெட்டுப்போகும். துருவி, புளிக்கவெச்சு, சாக்குல பிழிஞ்சு, சலிச்சு, விறகு அடுப்புல வறுப்போம். ஒவ்வொருத்தி வறுக்கிறது ஒவ்வொரு பதம். ஒரு மூட்டை நல்லா காய்ஞ்சிருக்கும், ஒரு மூட்டை ஈரமா இருக்கும். கடைக்காரர் ஈர மூட்டையைக் காட்டி எல்லாத்துக்கும் விலையைக் குறைச்சிடுவார்."

இதில் எல்லாமே இருக்கிறது. பிரச்சினை ஈரப்பதம். கற்க வேண்டியது ஈரத்தை அளப்பது, தரம் பிரித்துப் பொதி கட்டுவது, கடைக்காரரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுவது. திரும்பி வந்தபின் திட்டம்: முதல் இரண்டு மாதத்தில் பதினாலு பேருக்கும் ஒரே பதத்தைப் பழக்குவது, ஆறு மாதத்துக்குள் ஒரு கடையோடு விலை ஒப்பந்தம். சின்னத் திட்டம்தான், ஆனால் நடக்கும் என்று படிப்பவருக்குத் தெரியும். ஆயிரம் பெண்களுக்கு வேலை தருவேன் என்ற வாக்குறுதியை யாரும் நம்புவதில்லை.

நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கும்போது பிழையை மட்டும் திருத்துங்கள், பாலிஷ் போடாதீர்கள். நேர்காணலில் பேசப்போவது அவர். தாளில் ஒருவர், திரையில் வேறொருவர் என்று தெரிந்தால் அங்கேயே முடிந்தது. பெனின், புர்கினா ஃபாசோ போன்ற நாடுகளில் ஆங்கிலமே தடையாக இருந்தால் ஜைக்காவின் பிரெஞ்சு மொழிப் பயிற்சிகளைத் தேடிப் பாருங்கள்.

படி 5: அவர் இல்லாதபோது யார்?

அடுப்பு, சாவி, சீட்டுப் பணம், பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்வி நேர்காணலிலும் வரலாம். பயிற்சி நடக்கும் மாதம் அவர் ஊரில் அறுவடையா என்றும் பாருங்கள். குறுகிய காலத் திட்டங்களில் குழந்தையைக் கூட்டிப்போக வழி இருக்காது.

படி 6: அனுப்பியபின்

அனுப்பியதன் பிரதி ஒன்றை அவரிடமே கொடுங்கள். மேலே சொன்ன அரசுத் திட்டங்களில் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. "ப்ராசஸிங் ஃபீஸ்" என்று யாராவது மொபைல் மணியில் பணம் கேட்டால் அது மோசடி. அமெரிக்க அரசுப் பணத்தில் ஜே-1 என்ற பரிமாற்றப் பயிற்சி விசாவில் போகிறவர்கள், திரும்பி வந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தபின்தான் அங்கே வேலை விசாவுக்கோ குடியேறவோ விண்ணப்பிக்க முடியும். அங்கேயே தங்கிவிடலாம் என்ற எண்ணம் மனதில் இருந்தால், இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு மறுபடி போடலாம், தடை இருக்காது. அதுவரை அந்தக் கோப்பு சும்மா கிடக்க வேண்டாம். ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி 2016இல் தொடங்கிய அஃபாவா திட்டம், பெண் தொழில்முனைவோருக்குக் கடன் கொடுக்கும் உள்ளூர் வங்கிகளுக்கு உத்தரவாதம் தருகிறது. எந்த வங்கி அதில் சேர்ந்திருக்கிறது என்று விசாரித்து, அதே எம்-பெசா அறிக்கையையும் வியாபாரியின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கடன் அதிகாரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.